சப்ளையர் ஒருத்தரா, மூணு பேரா? லாரி வாடகையையும் சேர்த்துப் பாருங்க

இன்னிக்கு ஒரு சின்ன கணக்கு. சென்னையில டி-ஷர்ட் விற்க ஆரம்பிச்சப்போ நான் தப்பாப் போட்ட கணக்கு.

முதல் வருஷம் எனக்குத் திருப்பூர்ல ஒரே ஒரு சப்ளையர். ஒரு காலேஜ் விழாவுக்கு 300 சட்டை ஆர்டர். நாலு நாள் இருக்கும்போது போன் வந்துச்சு: "துணி இன்னும் சாயப்பட்டறையிலயே நிக்குது தம்பி." ஆர்டர் போச்சு. அந்த காலேஜ் அப்புறம் கூப்பிடவே இல்லை.

அடுத்த தடவை அதே ஊர்ல மூணு பேர்கிட்ட ஆளுக்கு 100 சட்டையாப் பிரிச்சேன். போட்டி வந்ததும் சட்டைக்கு 2 ரூபாய் குறைஞ்சது. எனக்கு ஒரே பெருமை. பார்சல் வந்ததும்தான் உண்மை தெரிஞ்சது.

பார்சல் ஆபீஸ்ல எடைக்கு மட்டும் காசு இல்லை. ரசீதுக்கு, ஏத்துக்கூலிக்கு, இங்க ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு வர்ற ஆட்டோவுக்கு... மூட்டை சின்னதா இருந்தாலும் இதெல்லாம் பெருசாக் குறையாது. 300 சட்டையும் ஒண்ணா வந்தப்போ மொத்தம் 900 ரூபாய், அதாவது சட்டைக்கு 3. மூணாப் பிரிஞ்சு வந்தப்போ தலா 600. மொத்தம் 1,800, சட்டைக்கு 6. விலையில 2 ரூபாய் மிச்சம், வாடகையில 3 ரூபாய் கூடுதல்!

அதுக்காக மறுபடி ஒருத்தரையே நம்பவும் பயம். அதனால இப்போ ரெண்டு பேர். ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே பார்சல் ஆபீஸ்ல சரக்கை இறக்குவாங்க. பில் ரெண்டு, லாரி ரசீது ஒண்ணு. இதுக்கு ரெண்டு பேரையும் சம்மதிக்க வைக்கத்தான் பாடுபட்டேன்.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. 2011 ஜனவரியில, நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்குல, திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. அந்த மாதிரி நேரத்துல ஒரே ஊர்ல பத்து சப்ளையர் இருந்தாலும் பத்து பேரும் சேர்ந்துதான் நிப்பாங்க.

அதனால வருஷத்துக்கு ஒரு தடவை லூதியானாவிலிருந்து ஒரு பெட்டி வாங்குறேன். அவ்வளவு தூரத்துக்கு வாடகை கட்டுபடியாகாதுதான். ஆனா அவசரத்துக்குப் போன் பண்ணா, "யார் நீங்க?"னு கேட்காத ஒருத்தர் அங்க இருக்கார். அந்த வாடகையை என் நோட்டுல இன்சூரன்ஸ் கணக்குல எழுதி வெச்சிருக்கேன்.

நீங்களும் விலையைக் கேக்கும்போது, சரக்கு உங்க வாசலுக்கு வந்து சேர என்ன ஆகும்னு சேர்த்துக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.