கல்யாண வீட்டில் சிரிக்கும் பெண்கள்

(கரமனையில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான பண்பாட்டு வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2018 ஜூன் 1 அன்று வெளியான ‘வீரே டி வெட்டிங்’ என்ற இந்தித் திரைப்படத்தைப் பற்றிக் கட்சி வகுப்பில் பேச என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுவது இயல்பே. டெல்லியில் ஒன்றாக வளர்ந்த நான்கு தோழியர்; அவர்களுள் ஒருத்தியின் கல்யாணம்; இடையிடையே குடி, புகை, கெட்ட வார்த்தை, படுக்கையறைப் பேச்சு. தணிக்கை வாரியம் ‘ஏ’ சான்றிதழ் அளித்தது. பாகிஸ்தான் தடை விதித்தது. “பணக்கார வீட்டுப் பெண்களின் கூத்து, உழைக்கும் மக்களுக்கு இதில் என்ன வேலை?” என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதற்கு முன், இந்தப் படத்தைத் தூற்றியவர்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு, கதுவா சிறுமிக்கு நீதி கேட்டுப் பதாகை ஏந்திய கரீனா கபூரும் ஸ்வரா பாஸ்கரும் இப்படத்தில் நடித்திருந்தனர். அதற்காகவே படத்தைப் புறக்கணிக்கும்படி பிரச்சாரம் நடந்தது. படம் வந்த பின், தன் உடலின் இன்பத்தைத் தானே நாடும் பெண்ணாக ஸ்வரா நடித்த காட்சி வசைக்கு இலக்காயிற்று. பாட்டியோடு படம் பார்க்கப் போய்க் கூசிப்போனதாக, ஏறத்தாழ ஒரே வாசகத்தைப் பலர் சமூக ஊடகத்தில் பதிவிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டுதான், அலங்கிருதா ஸ்ரீவாஸ்தவா இயக்கிய ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’ படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்திருந்தது. கதை பெண்களை மையமாகக் கொண்டது என்பதும் மறுப்புக் கடிதத்தில் ஒரு குறையாகவே எழுதப்பட்டிருந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே 2017 ஜூலையில் அது திரைக்கு வந்தது. அந்தத் தீர்ப்பாயத்தையும் ஒன்றிய அரசு 2021இல் கலைத்துவிட்டது.

பெண்ணின் உடலை ஆண்களின் கண்ணுக்கு விருந்தாக்கும் குத்துப்பாட்டுகள் பண்டிகை தோறும் குடும்பத்தோடு பார்க்கப்படுகின்றன. அப்போது பண்பாடு கெடுவதில்லை. அதே உடலைப் பற்றிப் பெண்களே தங்களுக்குள் பேசிச் சிரித்தால் மட்டும் கெட்டுவிடுகிறது. ஆபாசம் என்ற கூச்சலுக்குப் பின்னால் இருப்பது, பேசும் உரிமை யாருக்கு என்ற கேள்விதான்.

பெண்களின் பச்சைப் பேச்சு மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கும் அன்று. கரமனை அக்கிரகாரத் தெருக்களில் வளர்ந்த மூத்தோருக்கு நலங்குப் பாட்டும் சம்பந்தி ஏசலும் தெரியும். பீகார், உத்தரப்பிரதேசக் கிராமங்களில் மாப்பிள்ளை வீட்டாரைப் பெண்கள் கூடி நின்று பச்சையாக வைது பாடுவது இன்றும் கல்யாணச் சடங்கின் ஒரு பகுதி. ஆனால் அந்த உரிமைக்கு ஆயுள் ஒரு நாள். எல்லை கல்யாண முற்றம். மறுநாள் காலை அதே பெண் வாய் திறவாத மருமகளாக அடுப்படிக்குப் போயாக வேண்டும். முற்றத்துச் சிரிப்பைப் பொது அரங்குக்குக் கொண்டுவந்ததே ‘வீரே’ போன்ற படங்களின் நியாயமான சாதனை.

இனி அதன் எல்லையைப் பார்ப்போம். ‘வீரே’ என்ற பஞ்சாபிச் சொல்லுக்குச் சகோதரர்கள் என்று பொருள். தங்கள் நட்புக்குப் பெயர் வைக்கக்கூட அந்தத் தோழியர் ஆண்களின் சொல்லையே கடன் வாங்குகிறார்கள். கல்யாணத்தைக் கண்டு அஞ்சும் காளிந்தி, மனம் தெளிய மற்ற மூவரோடும் தாய்லாந்துக்குப் பறக்கிறாள். செலவு ஒரு பொருட்டே அன்று. திரும்பி வந்ததும் கல்யாணம் நடந்தேறுகிறது. மணமுறையை அவர்கள் கேலி செய்கிறார்கள், அசைக்கவில்லை. திருமணம் தனிச்சொத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை 1884இலேயே எங்கெல்ஸ் எடுத்துரைத்தார். சொத்து கேள்விக்கு உள்ளாகாத கதையில் சுதந்திரமும் விலை கொடுத்து வாங்கும் பொருளாகிவிடுகிறது.

இத்தகைய நகைச்சுவைக்குள் வர்க்கம் நுழையவே முடியாது என்பதில்லை. இவ்வகைக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் அமெரிக்கப் படமான ‘பிரைட்ஸ்மெய்ட்ஸ்’ 2011இல் வந்தது. எழுதியவர்கள் கிறிஸ்டன் விக், ஆனி மமோலோ என்ற இரு பெண்கள். அதன் நாயகி பொருளாதார நெருக்கடியில் தன் கேக் கடையை இழந்தவள்; இப்போது நகைக்கடையில் விற்பனையாள். உயிர்த் தோழியின் கல்யாணத்தில் மணத்தோழியாக நிற்பதற்கான உடைக்கும் விருந்துக்கும் பயணத்துக்கும் அவளிடம் பணமில்லை. மற்றவர்கள் விமானத்தில் உயர் வகுப்பில் அமர, அவள் மட்டும் சாதாரண வகுப்பில். இரு தோழியருக்கு இடையே விரிசல் விழுவதில் கல்யாணச் செலவுக்கும் பெரும் பங்கு இருக்கிறது. அந்தப் படம் சிரிப்பினூடே தொட்ட உண்மை இது.

அந்த விற்பனைப் பெண்ணைத் தேடித் தோழர்கள் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. கல்யாணப் புடவை எடுக்க எந்த ஜவுளிக்கடையில் ஏறினாலும், நூறு புடவைகளை விரித்துக் காட்டி மடிப்பவள் அவளே. நாள் முழுவதும் உட்கார அனுமதியின்றி, கழிப்பறைக்குப் போக நேரிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றவள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் பி.விஜியின் முன்முயற்சியில் ஒன்றுகூடிக் கழிப்பறைக்காகப் போராடினார்கள். பிறகு உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018இல் கேரள அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையை அளித்தது. 2021இல் தமிழ்நாடும் அவ்வாறே சட்டம் திருத்தியது. அந்தப் பெண்கள் தங்கள் அமைப்புக்கு இட்ட பெயர் ‘பெண்கூட்டு’. ஆண்களிடம் கடன் வாங்காத பெயர்.

திரைப்படம் எடுக்கும் இடமும் ஒரு தொழிற்களமே. 2017இல் மலையாளத் திரைப்பெண்கள் கூட்டமைப்பாகத் திரண்டதன் விளைவாக நீதிபதி ஹேமா குழு அமைந்தது. படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லாத நிலையை அதன் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஜவுளிக்கடைப் பெண்ணும் திரைத்துறைப் பெண்ணும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். 2019 டிசம்பர் 31 அன்று அளிக்கப்பட்ட அறிக்கை 2024 ஆகஸ்டு 19 அன்றுதான் வெளியாயிற்று. இடது ஜனநாயக முன்னணி ஆட்சியின் கீழ் நேர்ந்த இந்த நாலரை ஆண்டுத் தாமதத்தைத் தோழர்கள் மூடி மறைக்காமல் பேச வேண்டும். அப்போதுதான் பிறரைக் கேள்வி கேட்கும் தகுதி நிலைக்கும்.

கடைசியாக, திரையை விட்டு வீட்டுக்கு வருவோம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. ஆனால் பொன்னும் காரும் ‘மகளுக்குப் பிரியப்பட்டுக் கொடுப்பது’ என்ற பெயரில் கைமாறுகின்றன. கட்சி உறுப்பினர் வீடுகள் இதற்கு விலக்கா? மேடையில் பெண் விடுதலை பேசும் தோழர், மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கி மண்டபம் பிடிப்பதில்லையா? மகனுக்கு வந்த பவுனை எண்ணும்போது வாய் மூடி இருப்பதில்லையா? தனித் திருமணச் சட்டம் 1954 முதல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாடு 1967இல் சட்ட ஏற்பு அளித்தது. வழி இல்லாமல் இல்லை, துணிவுதான் வேண்டும்.

கல்யாண வீட்டில் பெண்கள் கூடிச் சிரிக்கட்டும். அதைக் கேட்டு முகம் சுளிப்பது இடதுசாரியின் வேலை அன்று. அந்தச் சிரிப்புக்குள் புடவை விற்றவளும் பந்தியில் பரிமாறியவளும் பாத்திரம் கழுவியவளும் சேர்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பதே அவர் வேலை. அடுத்த கல்யாண அழைப்பிதழ் அச்சாகும் முன், தோழர்கள் தத்தம் வீட்டுப் பெண்களைக் கூட்டி வைத்து, பொன், மண்டபம், கடன் ஆகிய மூன்றையும் பற்றி அவர்களைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும். இந்த வகுப்பு பயன்பட்டதா என்பது அங்கே தெரிந்துவிடும்.