சொந்தப் பணமும் வங்கிப் பணமும்

   

கோபிசெட்டிபாளையத்தில் இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் சில நண்பர்களோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. கருத்தரங்குகளில் பாதி பேசி, தேநீர் இடைவேளையில் விட்டுவிட்ட வழக்கு. கொங்கு நாட்டுத் தொழில் வங்கியை நம்பி வளரவில்லை, மாமன் மச்சான், பங்காளி, ஏலச்சீட்டு, கைமாற்று என்று ஊருக்குள் புரண்ட பணத்தில்தான் வளர்ந்தது என்பார்கள் அவர்கள். அதை ஏற்கிறேன். அதோடு நிற்காமல், வளரும் நாடுகளுக்கெல்லாம் இதுவே முன்மாதிரி, சட்டமும் பத்திரமும் செய்யாததை நம்பிக்கை செய்துவிடும் என்று சொல்லும்போதுதான் எனக்கும் அவர்களுக்கும் வழி பிரிகிறது. உறவுக்குள் சுற்றும் பணம் உறவைத் தாண்டாது. சேமித்தவனின் பணத்தை, அவனுக்கு முன்பின் தெரியாத, ஆனால் தொழில் தெரிந்த ஒருவன் கையில் சேர்ப்பதற்குத்தான் வங்கி என்று ஒன்று இருக்கிறது. அந்த வேலையை எவ்வளவு செய்தது என்பதே வங்கியின் செயல்பாட்டுக்கு முதல் அளவுகோல். லாபம், வாராக்கடன் விகிதம் எல்லாம் அதற்குப் பிறகு.

தமிழ்நாட்டில் வங்கிகளின் கடன்–வைப்பு விகிதம் நூறு சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்த எண் எவ்வளவு கொடுத்தார்கள் என்று சொல்கிறது. யாருக்குக் கொடுத்தார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று சொல்லவில்லை.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். என் நண்பர்களும் அங்கேதான் போவார்கள். ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆங்கில நூல் அவர்களுக்கு வேதம். பனியன் கம்பெனியில் தொழிலாளிகளாக நுழைந்த கவுண்டர் இளைஞர்கள், தங்கள் உழைப்பையே முதலாகக் காட்டி, கூட்டாளிகளாகச் சேர்ந்து, முதலாளிகளான கதையை அவர் நுட்பமாக எழுதியிருக்கிறார். உண்மையான கதை அது. ஆனால் உள்ளே வந்தவர் எப்படி வந்தார் என்பதற்கு அது விடை. அந்தக் கூட்டாளி உலகம் ஓர் ஆண்களின் உலகம் என்பதையும் அதே நூலில் காணலாம். என் நண்பர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் புரட்டிவிடுகிறார்கள்.

அதே 2004இல் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1990களின் முதல் பாதியில் ஏற்றுமதிக்குத் தைத்துக்கொண்டிருந்த கம்பெனிகளின் கணக்கை எடுத்து, இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, இந்த மண்ணின் கவுண்டர் குடும்பங்கள் நடத்தியவை. மற்றது, வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தியவை. அவர்களில் பலர் வணிகப் பின்னணி உள்ளவர்கள். தொடங்கும்போது உள்ளூர்க் கம்பெனிகளிடம் எந்திரமும் கட்டடமும் அதிகம். வெளியாரிடம் மிகக் குறைவு. ஆனால் வெளியாரின் உற்பத்தி வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளிலேயே உள்ளூர்க்காரர்களை முந்துகிறது. முந்திய பிறகும், ஒரு ரூபாய் உற்பத்திக்கு அவர்கள் கையில் இருக்கும் முதல் குறைவுதான்.

இதை நின்று யோசிக்க வேண்டும். நன்றாக ஓடுகிறவனிடம் முதல் குறைவாகவும், மெதுவாக ஓடுகிறவனிடம் அதிகமாகவும் ஏன் இருக்கிறது? திறமையில் உள்ள வேறுபாடு மட்டும் இதை விளக்காது, பணம் கிடைக்கும் வழி இரு தரப்புக்கும் வேறு என்பதே பொருத்தமான விளக்கம் என்று அவர்கள் முடித்தார்கள். விவசாயத்தில் சேர்ந்த பணம் வேறு போக்கிடம் இல்லாமல் சொந்தக்காரன் கம்பெனிக்குள்ளேயே போய் எந்திரமாக நின்றது. அந்தப் பணத்தை வங்கியில் போட்டு, வங்கி அதை வெளியாருக்குக் கடனாகக் கொடுத்திருந்தால், போட்டவருக்கு நல்ல வட்டி, வாங்கியவருக்கு வளர்ச்சி, ஊருக்குக் கூடுதல் வேலை. வங்கி அந்த இடத்தில் நிற்கவில்லை. பானர்ஜி–முன்ஷியின் கணக்கு வெளியாரையும் உள்ளூர்க்காரரையும் ஒப்பிட்டது. ஆனால் உறவும் காடும், அதாவது சொந்த விளைநிலமும், இல்லாத உள்ளூர்த் தொழிலாளிக்கும் இதே தடைதான், அவருக்கு வணிகக் குடும்பத்தின் துணைகூடக் கிடையாது.

வெளியாருக்கு வெளிநாட்டு வியாபாரிகளின் பழக்கம் இருந்தது, அதனால் வளர்ந்தார்கள் என்று மறுப்பார்கள். இருக்கட்டும். அந்தப் பழக்கம் உள்ளவனுக்கு ஆர்டர் அதிகம் வரும். ஆர்டர் அதிகம் வருகிறவனுக்குத்தானே முதல் அதிகம் தேவை? மறுப்பு என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது.

வங்கி ஏன் நிற்கவில்லை என்பதற்குத் திருப்பூரில் பணம் ஓடும் முறையைப் பார்க்க வேண்டும். ஆர்டர் கையில் வந்ததும் நூல் வாங்க வேண்டும். நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று துணி பல கை மாறுகிறது. பல வேலைகள் ஜாப் ஒர்க்காக வேறு வேறு ஷெட்டுகளில் நடக்கின்றன. சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறி, வாங்கியவரின் பணம் வந்து சேர மாதங்கள் ஆகும். இடையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம். சரக்கு ஏறுவதற்கு முன்பே வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் என்ற கடன் ஏற்றுமதியாளரின் கணக்கில் வந்து விழுகிறது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அது எப்போது போய்ச் சேருகிறது என்பது ஏற்றுமதியாளரின் மனசைப் பொறுத்தது. பத்து மிஷின் போட்டுக்கொண்டு ஓவர்லாக் தைத்துக் கொடுக்கும் ஒருவர், பில் பணம் வரும்வரை பைனான்ஸ்காரரிடம் போகிறார், அல்லது மனைவியின் நகையை அடகு வைக்கிறார். அவர் கட்டும் வட்டி வங்கியின் எந்த ஏட்டிலும் ஏறாது. ஏற்றுமதியாளரின் கணக்கோ நேர்த்தியாக இருக்கும். கிளை மேலாளருக்குப் பாராட்டும் வரும்.

அந்தத் தையல்காரர் வங்கிக்கே வந்தால் முதல் கேள்வி: ஈடு என்ன? காட்டுப் பத்திரம், தோட்டத்துப் பத்திரம் உள்ளவருக்குக் கடன் கிடைக்கும். காடு யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் பங்காளிப் பணமும் இருக்கிறது. எனவே வங்கி உறவுப் பணத்துக்கு மாற்றாக வரவில்லை, அதே பாதையில் அதன் பின்னாலேயே நடந்து வந்தது. 1969இல் 14 வங்கிகளும் 1980இல் 6 வங்கிகளும் நாட்டுடைமையான பிறகு கிளைகள் பெருகின. ஈடு கேட்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. நம்பிக்கையும் வங்கியும் இரண்டு வழிகள் என்று என் நண்பர்கள் பேசுவது இதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. இந்த மண்ணில் இரண்டும் ஒரே ஆளிடம் போய் நின்றன.

விதிகள் இல்லாமல் இல்லை. ஈட்டைப் பார்க்காமல் தொழிலின் தேவையைப் பார்த்துக் கடன் கொடுக்கச் சொன்னது 1975இல் அறிக்கை தந்த டாண்டன் குழு. சிறுதொழிலுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனமாகத் தரலாம் என்றது 1992இல் நாயக் குழு. 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று 2010இல் ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் துண்டுச்சீட்டில் கணக்கு எழுதும் ஜாப் ஒர்க்காரர் தன் ஆண்டு விற்பனையை எதைக் காட்டி நிரூபிப்பார்? 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு பலருடைய விற்பனை பதிவாகிறது. இது பெரிய மாற்றம். விரித்துப் பேச இன்று நேரமில்லை.

ஊர் வணிகர்களே வங்கி தொடங்கிய கரூரைப் பற்றியும் கேட்பார்கள். 1916இல் கரூர் வைசியா, 1926இல் லட்சுமி விலாஸ், இரண்டும் அவ்வூர் வணிகர்கள் தொடங்கிய வங்கிகள். லட்சுமி விலாஸ் 2020 நவம்பரில் முடங்கி, வைப்பாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை வந்து, டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. அந்த ஆண்டு அது கொடுத்திருந்த கடனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாராக்கடன். ஊர் வணிகரை நம்பியதால் அது விழவில்லை, பெருநிறுவனக் கடனில் விழுந்தது என்பது என் கருத்து. தனியே ஒரு சொற்பொழிவு வேண்டிய விஷயம்.

மாணவர்களுக்குச் சில வேலைகள். ஜாப் ஒர்க்காரர்களின் பில் தேதியையும் பணம் வந்த தேதியையும் சேகரியுங்கள். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம், அது எத்தனை ஷெட்டுகளில் நடக்கிறது என்று யாராவது எண்ண வேண்டும். பில்லை ஏலம் விட்டு உடனே பணம் பெறும் டிரெட்ஸ் தளம் நம் பகுதியில் எவ்வளவு பயன்படுகிறது என்று பாருங்கள். பெண்கள் பெயரில் உள்ள ஷெட்டுகளைத் தனியாக எடுங்கள். கோபிக்காரர்கள் ஒன்று செய்யலாம்: விலை வரும்வரை கிட்டங்கியில் மஞ்சளை வைத்து ரசீதின் பேரில் கடன் வாங்குகிறவர்கள் யார், வாங்க முடியாமல் களத்திலேயே விற்கிறவர்கள் யார் என்று கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊர்களில் வீடு வீடாகக் கேட்கலாம். பட்டுக்கூடு வளர்ப்பவர்களிடமும் இதே கேள்வி. நிலத்தின் அளவையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வினாப்பட்டியல் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குத் தருகிறேன்.