திக்கால் கோபுரங்களைக் கட்டியது யார்?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா தேசத்தில் பெருங்காட்டுக்குள் இருக்கும் திக்கால் என்னும் பழைய நகரத்தை நாம் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றி இங்கு பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறோம். பார்த்த அதிசயங்களை வரிசையாக அடுக்கி உங்களை மலைக்க வைப்பது நமது நோக்கமல்ல. அவற்றைக் கட்டினவர்கள் யார், அவர்களுடைய சந்ததியார் இன்று என்ன கதியில் இருக்கிறார்கள் என்கிற இரண்டு விஷயங்களை மாத்திரமே சொல்ல ஆசைப்படுகிறோம்.

புளோரஸ் என்பது ஒரு ஏரிக்குள் தீவாக இருக்கும் சிறு பட்டணம். அங்கிருந்து சுமார் 40 மைல் மோட்டாரில் போனால் திக்கால் வந்துவிடுகிறது. 1955-ல் அந்நாட்டு சர்க்கார் அந்தக் காட்டில் 576 சதுர கிலோமீட்டரைத் தேசீயப் பூங்காவாக ஏற்படுத்திக் காவல் போட்டார்கள். விடிவதற்கு முன் அதற்குள் நடந்து போனால் தலைக்கு மேலே ஒரு பயங்கர உறுமல் கேட்கும். புதிதாகப் போகிறவன் புலி என்றோ பேய் என்றோ நடுங்கிப் போவான். நாமும் திடுக்கிட்டுத்தான் நின்றோம். அண்ணாந்து பார்த்தால் அது ஒரு கறுப்புக் குரங்கு! அவ்வளவு பெரிய சத்தம் அவ்வளவு சிறிய பிராணியின் தொண்டையிலிருந்து வருகிறது.

அந்தக் காட்டில் நமக்குப் பழக்கமான மரங்களும் உண்டு. உங்கள் தலையணைக்குப் பஞ்சு கொடுக்கும் இலவ மரம் அங்கே ஆகாயத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. மாயர்கள் அதை உலகத்தையே தாங்கும் புண்ணிய மரமென்று எண்ணினார்கள். சந்தையில் வாங்கித் தின்கிறோமே சப்போட்டா, அதற்குத் தாய்நாடும் அந்தப் பக்கந்தான். அந்த மரத்தின் பாலைக் காய்ச்சிச் சூயிங்கம் செய்தார்கள். திக்கால் கோபுர வாசல்களின் மேல் உத்தரங்களும் அந்த மரமே. ஆயிரத்து இருநூறு வருஷத்திற்கு மேலாகியும் அவற்றில் சில உளுத்துப் போகவில்லை என்றால் அந்தத் தச்சனுடைய மர ஞானத்தை என்னவென்று சொல்வது!

நிற்க, கோபுரங்களைப் பார்ப்போம். முதல் கோபுரம் ஏறத்தாழ 155 அடி உயரம். 682-ல் பட்டத்துக்கு வந்த ஜசாவ் சான் காவில் என்னும் அரசனுடைய சமாதி அதன் அடியில் இருந்ததை 1962-ல் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். நாலாவது கோபுரம் ஏறத்தாழ 210 அடி. அதன் மேல் ஏறுவதற்கு மரப்படி போட்டிருக்கிறார்கள். மேலே நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் காடும், அதற்கு மேலே தலை நீட்டும் இரண்டு மூன்று கோபுர உச்சிகளுந்தான் தெரியும்.

இவற்றைக் கட்டின காலத்தில் அவர்களிடம் இரும்பு ஆயுதம் கிடையாது. பாரம் இழுக்க மாடு, குதிரை கிடையாது. வண்டியும் கிடையாது. கல்லால் கல்லை வெட்டி, மனிதன் முதுகில் சுமந்து, மரத்தை எரித்துச் சுண்ணாம்பு நீற்றிக் கட்டினார்கள். அதைப் பார்த்தவுடன் சிலருக்கு மனிதன் செய்தான் என்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. ஐரோப்பாவில் ஒருவர் 1968-ல் ஒரு புஸ்தகம் எழுதி, பலெங்கே என்னும் மாயர் நகரத்து அரசனுடைய கல்லறை மூடியில் இருக்கும் உருவம் ஆகாயக் கப்பல் ஓட்டுகிறவன் என்று சொல்லிப் பணமும் பேரும் சம்பாதித்தார். நம் நாட்டிலோ, மாயர் என்றால் புராணத்தில் வரும் மயன், அவன் போய்த்தான் கட்டினான் என்று சொல்லுகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். இதற்கு ஆதாரம் என்னவென்றால் பெயர் ஒத்திருப்பதுதானாம்! கல் சுமந்தவனுக்குக் கூலிதான் கொடுக்கவில்லை, கட்டினான் என்கிற பெயரையாவது கொடுக்கக்கூடாதா?

தோழர்களே! அந்தக் கோபுரங்களை விட நமக்குப் பெரிதாகத் தோன்றியது அங்குள்ள குளங்கள். திக்காலில் ஆறு கிடையாது. வருஷத்தில் சில மாதங்கள் மழையும் இராது. ஆகவே நகரத்துச் சதுக்கங்களையெல்லாம் காரை பூசிச் சாய்வாக அமைத்து, விழுகிற மழைநீர் முழுவதும் குளங்களுக்கு ஓடும்படி செய்தார்கள். ஒரு குளத்தில், பல மைல் தூரத்திலிருந்து கொண்டுவந்த ஒருவகைத் தாதுமணலைப் போட்டுத் தண்ணீரை வடிகட்டியிருக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டுகிறது. இரண்டாயிரம் வருஷத்திற்கு முன்பே இப்படி யோசித்தவனுக்கு எந்தக் கடவுளும் காதில் வந்து ஓதவில்லை. தாகமும், கவனித்துப் பார்க்கும் புத்தியுமே அவனுக்கு வாத்தியார்.

அதே 2020-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சியையும் கேளுங்கள். அரண்மனைக்கும் கோயிலுக்கும் பக்கத்திலிருந்த குளங்களின் அடிமண்ணில் பாதரச விஷமும் நச்சுப் பாசியும் இருந்த அடையாளம் அகப்பட்டது. காரணம் என்னவென்றால், அரசனுடைய கட்டடங்களுக்குச் சிகப்பாகப் பூசிய சாதிலிங்கம் மழையில் கரைந்து குளத்தில் இறங்கியதுதான் என்கிறார்கள். ஆடம்பரத்திற்குப் பூசிய சாயம் குடிதண்ணீரில் விஷமாயிற்று!

அங்கு அரசர்கள் தங்களைத் தெய்வீக அரசர் என்றே கல்லில் வெட்டிக்கொண்டார்கள். தேவர்களிடம் பேசி மழையையும் விளைவையும் கொண்டுவருகிறவர்கள் தாங்களே என்று ஜனங்களை நம்பச் செய்தார்கள். 695-ல் கலக்முல் அரசனை ஜெயித்தது போன்ற யுத்தப் பெருமையெல்லாம் எழுதி வைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் மழை தவறிற்று, யுத்தமோ ஓயவில்லை, காடும் நிலமும் கெட்டிருந்தன. மழைக்குப் பொறுப்பேற்றவன் மழை கொண்டுவராவிட்டால் அவனுக்கு என்ன மதிப்பு? 869-க்குப் பிறகு திக்காலில் தேதி போட்ட அரசர் கல் ஒன்றுகூட நாட்டப்படவில்லை. ஜனங்கள் சிறிது சிறிதாக வேறு இடம் போய்விட்டார்கள்.

போனார்களே தவிர, ஒழிந்து போய்விடவில்லை. நமக்கு வழி காட்டிய இளைஞரைப் பார்த்து ஒரு பிரயாணி, "மாயர்கள் எப்படி மாயமாய் மறைந்தார்கள்?" என்று கேட்டார். அதற்கு அவர், "ஐயா, நான் மாயன்தான். காலையிலிருந்து உங்கள் முன்னால்தான் நடந்துகொண்டிருக்கிறேன்" என்றார். 2018-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி அந்த தேசத்தில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மாயர்களே.

அவர்களுடைய அறிவு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு குறி வைத்து, இருபது இருபதாக எண்ணிக் கணக்குப் போட்டவர்கள் அவர்கள். சுக்கிரன் நடமாட்டத்தை ஏட்டில் எழுதி வைத்தவர்கள். 1562-ல் யுக்கத்தானில் மானி என்னும் ஊரில் தியேகோ தே லாந்தா என்கிற பாதிரியார், அவை பிசாசின் பொய்கள் என்று சொல்லி அவர்களுடைய ஏடுகளைக் குவித்து நெருப்பு வைத்தார். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை 4 ஏடுகளே. அந்த எழுத்தைப் படிக்கும் வழியை ருஷ்யாவைச் சேர்ந்த யூரி க்னோரோசோவ் 1952-ல் காட்டினார். அதற்குப் பிறகுதான் கல் பேச ஆரம்பித்தது.

அப்படியும் மூடத்தனம் விடவில்லை. 2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியுமென்று மாயர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று உலகமெல்லாம் கிளப்பிவிட்டார்கள். அன்று முடிந்தது ஒரு நீண்ட நாட்கணக்கின் சுற்று. பங்குனி முடிந்தால் புதுப் பஞ்சாங்கம் வாங்குகிறோமே, அதைப் போன்றதுதான். பலெங்கேயில் உள்ள ஒரு கல்லெழுத்து 4772-ம் வருஷத்துத் தேதி ஒன்றைச் சொல்லுகிறது. உலகம் அழியுமென்று நம்பினவன் அவ்வளவு தூரம் கணக்குப் போடுவானா?

கடைசியாக ஒன்று. அந்த தேசத்தில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. ஐக்கிய நாட்டுச் சபையின் ஆதரவில் விசாரித்த கமிஷன் 1999-ல் கொடுத்த அறிக்கைப்படி, 2 லட்சத்திற்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டோ காணாமலோ போனார்கள். அவர்களில் இன்னார் என்று முழுவதும் அடையாளம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயர்கள். முப்பாட்டன் கட்டின கல்லைக் காட்டிச் சுற்றுப் பிரயாணிகளிடம் சர்க்கார் பணம் வாங்கிய அந்த நாளிலேயே, பேரனுடைய கிராமத்தைச் சர்க்கார் பட்டாளம் கொளுத்திற்று என்றால், இதை நாகரிகம் என்பதா?

ஆகவே தோழர்களே, பழைய இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அவசியம் போங்கள். கண் குளிரப் பாருங்கள். ஆனால் எந்தத் தேவன் கட்டினான் என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் சுமந்தார்கள், என்ன தின்றார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், அவர்கள் பிள்ளைகள் எங்கே என்று கேளுங்கள். மாண்டுபோன அரசனுக்காக ஆச்சரியப்படுவதில் பாதியையாவது உயிரோடிருக்கும் மனிதனுக்காக யோசிப்பதில் செலவிடுங்கள்.