சுருங்கச் சொல்வோம், உண்மையே சொல்வோம்



முகநூலில் இரண்டு வரியில் அரசியல் பேசுவதை வீண்பொழுது என்று நாம் எள்ளி நகையாடலாகாது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, வாடிய பயிரின் படமும் கமக்காரனின் ஒரு வரியுமே நீண்ட அறிக்கையினும் வலியனவாயின. 2022 ஏப்ரல் 3ஆம் நாள் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது; அன்றே தடையை நீக்கவும் நேர்ந்தது. அவ்வரிகளின் வலிமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும், 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது, பொய்யும் பகைமையும் இதே வழியிற்றான் பரவின. 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ பொய்க்கூற்றுக்குச் சிறைத்தண்டனை வகுத்தது. எனவே, நாம் பரப்பும் ஒவ்வொரு பொய்யும் நம் வாய்க்கு நாமே இடும் பூட்டாகும்.

கமக்காரர் தம் வயலின் நிலையை இடம், நாள், அளவோடு எழுதட்டும். கற்றோர் அதனைச் சரிபார்த்துத் துணைநிற்கட்டும். சுருங்கச் சொல்வோம், உண்மையே சொல்வோம்!