பணக்காரர்களை அளக்க எந்தப் படி?

(கம்பத்தில் நடந்த மாணவர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது கூடலூர் மாணவத் தோழர் ஒருவர் ஒரு செய்தியை வாசித்துக் காட்டினார். உலகத்தின் பணக்கார நகரங்கள் பற்றியது. 2024 அறிக்கைப்படி நியூயார்க்கில் 3,49,500 மில்லியனர்கள். மும்பையில் 58,800 பேர். டெல்லியில் 30,700. வாசித்துவிட்டு, "இதுல நம்ம கம்பம் பள்ளத்தாக்கு எத்தனையாவது இடம்ணே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. இன்றைக்குப் பேச வேறொன்று எழுதி வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், அந்தக் கணக்கை எடுத்தவர் யார்? அரசாங்கமோ பல்கலைக்கழகமோ அல்ல. நியூ வேர்ல்டு வெல்த் என்ற தென்னாப்பிரிக்க நிறுவனம் கணக்கெடுத்துக் கொடுக்கிறது, ஹென்லி அண்டு பார்ட்னர்ஸ் வெளியிடுகிறது. ஹென்லிக்குத் தொழில் என்ன தெரியுமா? பணக்காரர்களுக்கு வேறு நாட்டில் குடியுரிமையும் குடியிருப்பு உரிமையும் வாங்க வழிசெய்து கொடுப்பது. வியாபாரி சந்தைக்குக் கிளம்பும்முன் எத்தனை மூட்டை வந்திருக்கிறது என்று விசாரிப்பான் இல்லையா, அந்த மாதிரிக் கணக்கு இது. ஒன்றரை லட்சம் சொச்சம் பேருடைய விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதை மதிப்பிட்டுச் சொல்கிறார்கள். பணக்காரன் வீட்டுக் கதவைத் தட்டி, "ஐயா, உங்க சொத்து எவ்வளவு?" என்று யாரும் கேட்பதில்லை.

அவர்கள் படியின் அடிக்கோடு பத்து லட்சம் டாலர். அதாவது எட்டரை, ஒன்பது கோடி ரூபாய். அதுவும் சட்டென்று காசாக்கி முதலீடு செய்யக்கூடிய சொத்தாக இருக்கவேண்டும். அதற்குக் கீழே இருப்பவன் அந்தக் கணக்கில் மனுசனே இல்லை.

இப்போது நம் அரசாங்கத்தின் படிக்கு வாருங்கள். 2011-ல் சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு என்று ஒன்று தொடங்கினார்கள். எங்கள் காலனிக்கும் வந்தார்கள். வீட்டில் எத்தனை அறை? சுவர் மண்ணா, செங்கலா? பிரிட்ஜ் இருக்கா? போன் இருக்கா? வண்டி இருக்கா? எங்கம்மா ஒவ்வொன்றுக்கும் "இல்லை சார், இல்லை சார்" என்று சொல்லிக்கொண்டு நின்றது. பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வருமானக் கேள்வி. குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் மாத வருமானம் 5,000-க்குக் கீழே, 5,000 முதல் 10,000, அதற்கு மேல் - மூன்றே கட்டம். அதோடு படி முடிந்துபோச்சு! 12,000 சம்பளம் வாங்குகிற பள்ளிக்கூடத்து எழுத்தரும், மலைமேல் நூறு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவரும் ஒரே கட்டத்தில்.

2015-ல் முடிவு வெளியானது. இந்தியக் கிராமக் குடும்பங்களில் சுமார் 74.5 சதவீதம் 5,000-க்குக் கீழே. 56 சதவீதத்துக்கு நிலமே இல்லை. சரி, அந்த 'மேல் கட்டத்துக்குள்' யார் யார், எவ்வளவு? அதற்குப் பதில் கிடையாது. கேள்வியே இல்லாதபோது பதில் எப்படி வரும்? எடுத்த சாதி விவரத்தையும் வெளியிடவில்லை.

ஆக இரண்டு படிகள். ஒன்று ஒன்பது கோடிக்குக் கீழே பார்க்காது. இன்னொன்று பத்தாயிரத்துக்கு மேலே பார்க்காது. நடுவில் இருக்கிறது நம் பள்ளத்தாக்கின் அதிகாரம் முழுவதும். நெல் வயல், திராட்சைத் தோட்டம், வட்டிக்கடை, மலையில் ஏலக்காய், கீழே கல்யாண மண்டபம். அவர்கள் மும்பைப் பட்டியலிலும் இல்லை, பஞ்சாயத்து ஆபீஸ் பட்டியலிலும் இல்லை. யார் கணக்கிலும் வராமலிருப்பதே ஒரு சொத்துதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பணக்காரன் எந்த ஊர்க்காரன்? வீடு கம்பத்தில். தோட்டம் இடுக்கி ஜில்லா வண்டன்மேட்டில். காய் ஏலம் போவது போடியிலோ புற்றடியிலோ. பிள்ளை படிப்பதும் பணம் தூங்குவதும் சென்னையில். எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? ஆனால் அந்தத் தோட்டத்தில் காய் எடுக்கிற பொம்பளை எந்த ஊர் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. விடியும்முன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிறாள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. கவிழ்ந்தால் மட்டும் மறுநாள் பேப்பரில் எண்ணிக்கை வரும்.

1895-ல் பெரியாறு அணை வந்தது. பென்னிகுயிக்கை நம் மக்கள் சாமியாகவே கும்பிடுகிறார்கள், தப்பில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள். ஏக்கர் கணக்கு ஒற்றைப்படைவரை சுத்தமாக இருக்கிறது! அதில் சேரி மக்கள் பெயரில் எத்தனை ஏக்கர் என்று எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா?

சாதியோடு சேர்த்துச் சொத்தை அளந்தவர்கள் இல்லாமலில்லை. சுகதேவ் தோரட் முதலானோர் 2013-ஆம் ஆண்டின் அரசுக் கடன்-முதலீட்டுக் கணக்கை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நாட்டுச் சொத்தில் 41 சதவீதம் இந்து உயர்சாதியினரிடம். தலித்துகளிடம் 7.6 சதவீதம். 2024-ல் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம், இந்திய பில்லியனர்களின் சொத்தில் 88.4 சதவீதம் உயர்சாதியினருடையது என்று சொன்னது. இதெல்லாம் தேவையான வேலை. ஆனால் தோழர்களே, இந்தப் படியிலும் நமக்கொரு ஓட்டை இருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் நிலம் வைத்திருக்கும் சாதிகளில் பல, அரசுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர். 'உயர்சாதி' என்ற தலைப்பில் தேடினால் நம் ஊர் ஆண்டை அகப்படமாட்டார். நம் கூட்டங்களிலேயே சில நண்பர்களுக்கு இதைச் சொன்னால் பிடிப்பதில்லை. பிடிக்காவிட்டாலும் நிலம் யாரிடமோ அவரிடமே இருக்கிறது.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30-ல் அறிவித்தது. நல்லது. ஆனால் தலையை மட்டும் எண்ணிவிட்டு, நிலத்தை எண்ணாமல் போனால் பாதிக் கணக்குதான். மீதிப் பாதியை நாம் எடுக்கலாம். சொத்து வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தே விட்டார்கள், அந்தப் பக்கம் காகிதம் கிடைக்காது. நிலத்துக்குக் காகிதம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு உண்டு. சர்வே எண், பரப்பு, பட்டாதாரர் பெயர் எல்லாம் இருக்கும். சாதி எழுதியிருக்காது. ஊர்க்காரனுக்குப் பெயரைப் பார்த்தாலே தெரியும். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.

குறிப்புக் கலத்தைக் கட்டாயம் பாருங்கள். 1892 உத்தரவுப்படி ஒடுக்கப்பட்டோருக்குத் தந்த பஞ்சமி நிலத்தைப் பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அவர்களுக்குள்ளேதான் விற்கலாம் என்பது நிபந்தனை. பழைய பதிவேட்டில் நிபந்தனை இருந்து புதியதில் காணாமல் போயிருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுக் காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தது இந்த நிலத்தைக் கேட்டுத்தான். அதனால் தனியாக யாரும் போகவேண்டாம். இரண்டு மூன்று பேராய்ப் போங்கள்.

ஒரு ஊருக்கு ஒரு நோட்டு. இடப்பக்கம் யாருக்கு எத்தனை ஏக்கர். வலப்பக்கம் அதே ஊரிலிருந்து காலையில் எத்தனை ஜீப் போகிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள், கூலி என்ன, முன்பணம் என்ற பேரில் கடன் எவ்வளவு. கூடலூர்த் தோழர் முதல் நோட்டைப் போடட்டும், கேள்வி அவருடையது. வலப்பக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள். மற்ற நாளில் அந்த அம்மாக்களை வீட்டில் பிடிக்கமுடியாது.