உட்காரும்மான்னு சொன்னது நான்தான்!

   

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கிறேன். போன வருஷம் இந்த மேடையில பேசியிருந்தா, நான் எதிரணியிலதான் உட்கார்ந்திருப்பேன். (சிரிப்பு)

'முதுமையில் விழாமல் காப்பது பிள்ளைகளின் பாதுகாப்பா, சொந்தக் கால்களின் பலமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால பேசின தம்பி, "எங்க அம்மாவைத் தரையில கால் படாம வெச்சிருக்கோம்"னு பெருமையாச் சொன்னார். அரங்கமே கை தட்டுச்சு. நான் தட்டலை ஐயா. ஏன்னா, அதையேதான் நானும் செஞ்சேன்.

எங்களுக்கு மயிலாடுதுறைப் பக்கம். அம்மாவுக்கு அப்ப வயசு 72. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து, வாசல் தெளிச்சு, குனிஞ்சு நிமிர்ந்து பெரிய புள்ளிக் கோலமாப் போடுவாங்க. அப்பா காலமானப்புறம் சென்னைக்கு அழைச்சுட்டு வந்தேன். "உழைச்சது போதும், உட்காரும்மா"ன்னு சொன்னேன். தண்ணி வேணுமா? பேத்தி கொண்டு வருவா. காய் நறுக்கணுமா? மருமக பார்த்துப்பா. தரையில உட்கார்ந்தா மூட்டு வலிக்கும், சோபாவில உட்காரு. மாடிப்படி ஆபத்து, லிஃப்ட்ல போ. "கோலமாவது போடறேன்டா"ன்னு கேட்டாங்க. "குனிஞ்சா தலை சுத்தும், வேண்டாம்"னுட்டேன்.

ரெண்டே வருஷம்தான். சோபாவுல இருந்து எழுந்திருக்க ரெண்டு கையையும் ஊன வேண்டியதாச்சு. வயசாயிடுச்சுன்னு நினைச்சேனே தவிர, நான்தான் காரணம்னு தோணலை.

ஒருநாள் ராத்திரி ரெண்டு மணி. பாத்ரூம் போக எழுந்தாங்க. வழுக்கலை ஐயா, எதுலயும் தடுக்கலை. எழுந்து நின்னாங்க, தள்ளாடினாங்க, ஒரு அடி எடுத்து வெச்சுச் சமாளிக்கறதுக்குள்ள விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன்.

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே நிக்க வைக்கணும்னு ஒரு பிசியோதெரபி பொண்ணு வந்துச்சு. நான் பதறிப்போய், "வேண்டாம்மா, ரெஸ்ட் எடுக்கட்டும்"னேன். "விழறதுக்கு முன்னாடி அம்மா வீட்ல என்ன வேலை செய்வாங்க சார்?"னு கேட்டுச்சு. "ஒரு வேலையும் கிடையாது, ராணி மாதிரி வெச்சிருந்தேன்"னேன். "விழுந்ததுக்கு அதுவும் ஒரு காரணம் சார்"னு சொல்லிடுச்சு. அம்மா என்னைப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தாக்கூடத் தேவலை.

ஐயா, நாம் நேராக நிற்பதே பெரிய வேலை. கண், உட்காது, பாதத்திலும் மூட்டிலும் உள்ள உணர்வு, இந்த மூன்றும் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. மூளை கட்டளையிட, கால் தசைகள் அதை நிறைவேற்றுகின்றன. தள்ளாடினால் சட்டென்று ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும். அந்த ஒரு அடிக்குப் பலமும் வேணும், பழக்கமும் வேணும். சோபா அதைச் சொல்லிக் கொடுக்காது!

2007-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்து போனது. பத்து நாளைக்கே இப்படின்னா, ரெண்டு வருஷம் உட்கார வெச்சேனே, நான் என்ன கணக்குப் போடறது?

கீழே விழுவது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, அதனால் உயிரிழப்பவர்கள் உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர்.

எதிரணித் தோழி பாத்ரூம்ல கைப்பிடி வேணும், ராத்திரி விளக்கு வேணும், கண்ணையும் மாத்திரைகளையும் டாக்டர்கிட்டக் காட்டணும்னு சொன்னாங்க. அத்தனையும் சரி. எங்க வீட்லயும் செஞ்சுட்டோம். ஆனா கைப்பிடி பாத்ரூம்லயேதான் இருக்கும். கால்தான் கூடவே வரும்! (கைதட்டல்)

25 நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் ஒரு முடிவு சொன்னார்கள். 23,000-க்கும் மேற்பட்ட முதியவர்களைப் பற்றிய ஆய்வுகள் அவை. உடற்பயிற்சி செய்தவர்களிடம் கீழே விழுவது நூற்றுக்கு 23 குறைந்திருந்தது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 3 நாளாவது சமநிலையும் பலமும் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

இதுக்கு மெஷின் எதுவும் வாங்க வேண்டாம். சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். மேடையை விடாம, ஒத்தைக் கால்ல பத்து எண்ணலாம். நாற்காலியில உட்கார்ந்து கையை ஊனாம எழுந்திருக்கப் பழகலாம். சுவர் ஓரமா, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால இன்னொரு பாதத்தை வெச்சு நடக்கலாம். தலைசுத்தல் இருக்கிறவங்க, முன்னாடி விழுந்தவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிக்கணும். பக்கத்துல ஆள் இருக்கணும். படுக்கையில இருந்து சட்டுன்னு எழுந்து நிக்காம, கொஞ்ச நேரம் ஓரத்துல உட்கார்ந்துட்டு எழுந்திருக்கணும்.

அம்மா இதையெல்லாம் செய்யறாங்க. பழைய நடை முழுசாத் திரும்பலை. கையில ஊன்றுகோல் இருக்கு. அந்த ரெண்டு வருஷத்தை என்னால திருப்பிக் கொடுக்க முடியலை ஐயா. ஆனா போன மாசம் டாக்டர் சரின்னு சொன்னப்புறம், ஃபிளாட் வாசல்ல அஞ்சு புள்ளியில ஒரு கோலம் போட்டாங்க. கோடு கொஞ்சம் கோணல்தான். நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னேன். அன்னிக்கு ஒரு தடவைகூட "உட்காரும்மா"ன்னு சொல்லலை. (கைதட்டல்)

நிறைவா ஒண்ணே ஒண்ணு. நாம நடக்கப் பழகினப்ப அம்மா என்ன பண்ணாங்க? விழுந்துடுவான்னு இடுப்புலயே வெச்சுக்கிட்டாங்களா? இறக்கி விட்டாங்க. ரெண்டடி தள்ளி நின்னு, ரெண்டு கையையும் நீட்டி, "வா கண்ணு"ன்னாங்க. பாதுகாப்புன்னா அதுதான்! இன்னிக்கு நம்ம முறை. கையை நீட்டுவோம், ஆனா நடக்கிறது அவங்களா இருக்கட்டும்! சொந்தக் கால்களின் பலமே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பளிக்க வேண்டுமென்று கேட்டு விடைபெறுகிறேன்.  (பலத்த கைதட்டல்)