ஷிண்டோ ஆலயங்களும் வழிபாட்டு முறையும்



கதிரவன் உதிக்கும் நாடு எனப் பெயர் பெற்ற ஜப்பானில் ஷிண்டோ என்னும் தொன்னெறி நிலவி வருகின்றது. தெய்வங்களின் வழி என்பது அச்சொல்லின் பொருள். மலையிலும் மரத்திலும் அருவியிலும் உறையும் தெய்வங்களையும், தெய்வமாக உயர்ந்த சான்றோரையும் அம்மக்கள் 'காமி' என்று போற்றுவர். அவர்க்கு அந்நாட்டில் ஏறத்தாழ 80,000 ஆலயங்கள் உள்ளன.

அவை பல வகையின. அரச மரபோடு தொடர்புடையன 'ஜிங்கூ' எனப்படும். அவற்றுள் தலையாயது ஈசே. அரச குலத்தின் முதல்வியாகிய கதிர்த்தெய்வம் அமதெராசு அங்கு எழுந்தருளியுள்ளாள். 'தைஷா' என்பது பேராலயம். இஸுமோ அதற்குச் சான்று. விளைவுக்கும் வணிகத்துக்கும் உரிய தெய்வம் இனாரி. அத்தெய்வத்தின் தலைமை ஆலயமாகிய ஃபுஷிமி கியோட்டோ நகரில் உள்ளது. அங்கு மலைவழி நெடுகச் செந்நிறத் தோரணவாயில்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. வழங்கியோர் பெயர் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். பழி சுமத்தப்பெற்றுத் தொலைவிடத்துக்கு அனுப்பப்பட்டு, 903-ஆம் ஆண்டில் மறைந்த பேரறிஞர் மிச்சிசானே, கல்வித் தெய்வமாகத் தென்மாங்கூ ஆலயங்களில் வழிபடப்பெறுகின்றார். தேர்வெழுதும் மாணவர் அவரை நாடிச் செல்வர்.

வழிபடச் செல்வோர் 'தோரீ' என்னும் தோரணவாயிலில் தலைவணங்கிப் புகுவர். பாதையின் நடுவிடம் தெய்வத்துக்குரியது என்று கருதி ஓரமாக நடப்பர். அகப்பையால் நீர் மொண்டு முதலில் இடக்கையையும் பின்னர் வலக்கையையும் கழுவி, வாயும் கொப்பளிப்பர். காணிக்கை இட்டு, இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவர். இஸுமோவில் கைதட்டுவது நான்கு முறை. கருவறையினுள் உள்ள தெய்வப்பொருள் எவர் கண்ணுக்கும் புலப்படுவதன்று. காணாமலே கைதொழுவது அவர்தம் மரபு.

குடமுழுக்குக் காணும் அன்பர்கள் சிந்தித்தற்குரியது ஈசேயின் புதுப்பணியாகும். 690-ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கப்படி, இருபது ஆண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள மனையில் அதே அளவில் புதுக்கோயில் எடுத்துத் தெய்வத்தை எழுந்தருளச் செய்வர். பழைய மரம் வீணாவதில்லை. பிற ஆலயங்களின் திருப்பணிக்குச் செல்லும்.

இத்தகைய அரும்பணியும் ஒரு காலத்தில் தடைப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, அரண்மனைக் கருவூலமும் வறண்டது. 120 ஆண்டுகளுக்கு மேல் கோயில் புதுப்பிக்கப்படவில்லை. அப்போது செய்ஜுன் என்னும் பௌத்தத் துறவி அம்மையார் முன்வந்து, பலரிடமும் இரந்து பொருள் திரட்டினார். 1563-ஆம் ஆண்டில் புறக்கோயில் புதிதாயிற்று. அவர் வழிவந்த அம்மையாரின் முயற்சியால் 1585-இல் அகக்கோயிலும் புதுமை பெற்றது. அன்று மீண்ட மரபே 2013-இல் அறுபத்திரண்டாம் முறையாக நிறைவேறியது. அடுத்தது 2033-ஆம் ஆண்டுக்கு உரியது.

ஃபுஷிமியில் கொடுத்தவர் பெயர் தூணில் நிற்கின்றது. அத்தூணும் மழையில் நைந்து ஒருநாள் மாற்றப்படும். ஈசேயில் இருபது ஆண்டில் கோயிலே அகற்றப்படுகின்றது. ஆயினும் தச்சர் கைத்திறனும் அடியார் கொடையும் தலைமுறைதோறும் கைமாறி வாழ்கின்றன. கட்டியதைக் காட்டிலும், மீண்டும் கட்டும் மனத்தை மக்கட்கு விட்டுச் செல்வதே பெருங்கொடை. அம்மனம் உள்ள ஊரில் ஆலயம் என்றும் பழமை எய்தாது.

வாழ்க அடியார் கூட்டம்! வளர்க திருப்பணி!